சொல்லில் பிழை, கொடையில் பிழை

(அறநிதியத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இந்த மேடையில் சமயச் சொற்பொழிவு நடப்பதுதான் வழக்கம். இம்முறை ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். "அறநிதிய விழாவில் ஆங்கில வகுப்பா ஐயா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து என் முன் வைத்தார். அழைப்பிதழ்கள், அறிவிப்புகள், நன்கொடை கேட்டும் கொடுத்தும் எழுதிய கடிதங்கள். பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் இருந்தன. எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகு, "வருகிறேன்" என்று ஒப்புக்கொண்டேன்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவன். பிழையான சொல்லைக் கேட்டால் எனக்குச் சோற்றில் கல் கடித்தது போல இருக்கும். வீட்டில் எவரேனும் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தால், "அப்பா இருக்கிறார், பார்த்துப் பேசு" என்று என் பிள்ளைகள் எச்சரிப்பது உண்டு. ஆகவே முதலில் அந்தச் சிறு கற்களைப் பொறுக்கிவிட்டு, பிறகு பெரிய விஷயத்திற்கு வருகிறேன்.

நாள்தோறும் கேட்பவை

"டீச்சர், கேன் யூ பாரோ மீ எ பென்?" என்று மாணவன் கேட்பான். ‘பாரோ’ என்றால் கடன் வாங்குவது. ‘லெண்ட்’ என்றால் கடன் கொடுப்பது. பேனா ஆசிரியரிடம் இருக்கிறது. அவர் எப்படி வாங்குவார்? இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மலாய் மொழியில் ‘பிஞ்சாம்’ என்ற ஒரே வேர்ச்சொல் இரண்டு பக்கத்திற்கும் பயன்படுகிறது. தமிழிலோ கடன் வாங்கு, கடன் கொடு என்று தெளிவாக இருக்கிறது. தமிழில் நினைத்துப் பார்த்த பிள்ளை இந்தப் பிழையைச் செய்ய மாட்டான்.

"அம்மாவைக் கோயிலுக்கு ‘செண்ட்’ பண்ணிவிட்டு வருகிறேன்" என்கிறோம். ஆங்கிலத்தில் ‘செண்ட்’ என்றால் அனுப்புவது. அம்மாவைத் தனியே அனுப்பிவிட்டு நாம் வீட்டிலேயே இருந்துவிட்டோம் என்றுதான் வெள்ளைக்காரர் புரிந்துகொள்வார். நாம் சொல்ல வந்தது காரில் கொண்டு போய் விடுவதை. மலாயில் ‘ஹந்தார்’ என்ற சொல் இரண்டுக்கும் பொருந்தும். அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்துவிட்டோம். "நீ என்னை ‘ஃபாலோ’ பண்ணு" என்பதும் இதே இனம்தான். உடன் வருவதும் பின்தொடர்வதும் மலாயில் ‘ஈகுட்’. விளக்கை ‘ஓபன்’ பண்ணு என்பதும் ‘பூக்கா லம்பு’வின் நிழலே.

இனி நம் தமிழிலிருந்து போன பிழை ஒன்று. "என் பெயரில் ஏழு ‘ஆல்பபெட்’ இருக்கிறது" என்பார்கள். ஆங்கிலத்திற்கு ஒரே ஒரு ‘ஆல்பபெட்’தான்; அதில் 26 ‘லெட்டர்’கள் உண்டு. தமிழில் நெடுங்கணக்கு ஒன்று, அதில் 247 எழுத்துகள் என்பதைப் போல. எழுத்து வேறு, நெடுங்கணக்கு வேறு என்று அறிந்தவருக்கு இதில் தடுமாற்றம் வராது.

‘கசின் பிரதர்’ என்று சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. பெரியப்பா மகன் நமக்கு அண்ணன். அத்தை மகன் மாப்பிள்ளை முறை. இரண்டு பேரையும் ‘கசின்’ என்று ஒரே கூடையில் போடுகிறது ஆங்கிலம். அந்தக் குறையை நிரப்பத்தான் நம்மவர்கள் ‘பிரதர்’ என்று சேர்த்தார்கள். ஆங்கில இலக்கணப்படி அது பிழைதான். ஆனால் முறை தெரிந்தவர் செய்த பிழை.

இவற்றுக்காக எவரையும் நான் குறை சொல்லவில்லை. பல மொழி பேசும் மக்கள் ஒரே சந்தையில் காய்கறி வாங்கும் நாடு இது. கடைத்தெருவில் இப்படிப் பேசினால் காரியம் நடந்துவிடும், யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அச்சில் ஏறும் சொல்லும், கையெழுத்துப் போடும் சொல்லும் அப்படி அல்ல.

அச்சில் ஏறுபவை

அன்புக்குரியவர் மறைந்தால், அவர் ‘எக்ஸ்பயர்ட்’ என்று ஆங்கிலத்தில் அறிவிப்பு எழுதுகிறோம். முந்தைய தலைமுறையினர் அலுவலக ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்ட சொல் இது. அகராதியில் அதற்கு அந்தப் பொருள் இல்லாமல் இல்லை. ஆயினும் இன்றைய காதுக்கு எது ‘எக்ஸ்பயர்’ ஆகிறது? பால் டின், மருந்துப் புட்டி, வாகன உரிமம். தமிழில் நாம் இறைவனடி சேர்ந்தார், சிவபதம் எய்தினார் என்று எவ்வளவு மென்மையாகச் சொல்கிறோம்! ஆங்கிலத்தில் ‘பாஸ்ட் அவே’ என்று எளிமையாக எழுதினாலே போதுமே.

அழைப்பிதழில் மங்களகரமான நாள் என்பதற்கு ‘ஆஸ்பிஷியஸ்’ என்று போட வேண்டும். முதல் எழுத்துகள் மாறி ‘சஸ்பிஷியஸ்’ என்று அச்சானதை நானே ஒருமுறை கண்டேன். சந்தேகத்திற்குரிய நாளில் அனைவரும் வருக என்று அழைத்த கும்பாபிஷேகம் அது! சிரித்துவிட்டுப் போனோம். அதுவும் போகட்டும்.

ஆனால் சில சொற்களைச் சிரித்துவிட்டுப் போக முடியாது. கோலாலம்பூர் துன் எச். எஸ். லீ சாலை மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலைக்கு வெள்ளி ரதம் புறப்படுகிறது. அதை ‘ஃப்ளோட்’ என்று எழுதுபவர்கள் உண்டு. ‘ஃப்ளோட்’ என்பது அணிவகுப்பில் வரும் அலங்கார வண்டி. ரதத்தில் எழுந்தருளியிருப்பவர் முருகப்பெருமான். ‘சேரியட்’ என்ற சொல் இருக்கிறது. ‘ரதம்’ என்றே எழுதினாலும் தவறில்லை.

தைப்பூசம் முருகனின் ‘பர்த்டே’ என்று நம் பிள்ளைகளே பள்ளிக் கட்டுரையில் எழுதுகிறார்கள். அன்னை பார்வதி முருகனுக்கு வேல் வழங்கிய நாளாகத் தைப்பூசத்தைக் கொண்டாடுகிறோம். அவதார நாள் என்று போற்றுவது வைகாசி விசாகத்தை. தீபாவளியை ‘ஹிண்டு நியூ இயர்’ என்று வாழ்த்துபவர்களும் இருக்கிறார்கள். நமக்கு ஆண்டு பிறப்பது சித்திரையில். தீபாவளி வருவது ஐப்பசியில். மற்ற இனத்து நண்பர் அன்போடு அப்படி வாழ்த்தினால் நன்றி சொல்லி, பலகாரம் கொடுத்து, மெல்ல விளக்கலாம். ஆனால் நாமே அப்படி அச்சடித்துக் கொடுத்தால் அவர் யாரிடம் போய்த் தெரிந்துகொள்வார்?

‘ஐடல்’ என்ற சொல்லும் என்னை உறுத்தும். கிரேக்க மொழியில் உருவம் என்ற பொருளில் பிறந்த சொல் அது. மேலை நாட்டுச் சமய வழக்கில் பொய்த் தெய்வம் என்ற நிறம் அதன்மேல் ஏறிவிட்டது. வேறு சமயத்தவர் சொன்னால் அது அவர்கள் வழக்கு. நம் ஆலய அறிவிப்பில் அந்தச் சொல்லை நாமே ஏன் போட வேண்டும்? ‘டெய்ட்டி’ என்று எழுதலாம். ‘மூர்த்தி’ என்று எழுதலாம்.

நம் சொல் ஊர் சுற்றி வந்த கதை

நம் சொற்களையும் பிறர் எடுத்துக்கொண்டார்கள். மலாய் மக்கள் நம் ‘கோயில்’ என்ற சொல்லை ‘குயில்’ ஆக்கி, இன்றும் இந்து ஆலயத்திற்கு அதையே வழங்குகிறார்கள். கப்பல் ‘காப்பால்’ ஆயிற்று. கடை ‘கெடாய்’ ஆயிற்று. பொருள் கெடாமல் போய்ச் சேர்ந்த சொற்கள் இவை.

ஆங்கிலத்திற்குப் போனவை எல்லாம் இப்படி நலமாக இல்லை. சுருட்டு பொருள் மாறாமல் போயிற்று. பூரி ஜகந்நாதருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். தேர்ச் சக்கரத்தில் பக்தர்கள் விழுந்து மடிகிறார்கள் என்று 14ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியப் பயணிகள் எழுதினார்கள். அதைப் படித்துப் படித்து, எதிர்ப்பட்டதை எல்லாம் நசுக்கும் ஒரு பெரும் விசைக்கு ‘ஜகர்நாட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். உலகின் நாயகன் என்ற திருநாமம், இங்கிலாந்தில் பெரிய லோரிக்குப் பெயராயிற்று.

இதைவிட வலிக்கும் சொல் ஒன்று உண்டு. பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புபடுத்தப்படும் ஒரு சமூகத்தின் பெயர் அது. அதை ஆங்கிலேயர் ‘பரையா’ என்று எடுத்து, ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் வழங்கினார்கள். இந்நாட்டில் தெருநாய்க்கும் அச்சொல்லைச் சூட்டினார்கள். 2011ஆம் ஆண்டில் ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடநூலாக வைக்கப்பட்ட ‘இண்டர்லோக்’ நாவலில் இச்சொல் வந்ததை ஒட்டி நம் சமுதாயத்தில் எழுந்த கொந்தளிப்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இறுதியில் அந்நூல் பாடத்திலிருந்து விலக்கப்பட்டது. அன்று நாம் உரத்துக் கேட்டோம்; சரிதான். ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். அந்தச் சொல்லை முதலில் இழிசொல் ஆக்கியவர்கள் யார்? ஆங்கிலேயர் அந்த இழிவை நம் ஊர்த் தெருக்களில் பார்த்துத்தான் எழுதிக்கொண்டு போனார்கள். ஆகவே நம் வீட்டில், நம் பிள்ளைகள் வாயில், எந்த மொழியிலும் அந்தச் சொல் வசையாக வரக் கூடாது. ஆலயத்தில் அனைவரும் ஒரே வரிசையில் நிற்பது உண்மையானால் அதுதான் அழகு.

நான் திருத்தாமல் விட்ட சொல்

அன்பர்களே, இனி அந்தப் பெரிய விஷயத்திற்கு வருகிறேன். இதுவரை பிறர் பிழைகளைச் சொன்னேன். இது என் பிழை.

சில ஆண்டுகளுக்கு முன், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். துணைவியார் காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. "தம்பி, அவள் பேரில் கோயிலில் ஒரு கட்டளை வைக்கணும். இருபதாயிரம் வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன். முதல் அப்படியே இருக்கட்டும். வருகிற வட்டியில் வருஷா வருஷம் அவள் திதி அன்றைக்கு நாலு பேருக்குச் சோறு போட்டால் போதும்" என்றார்.

அவர் மகன் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தயாரித்திருந்தார். அதில் பிழை பார்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். ஓரிடத்தில் ‘எஸ்’ என்ற எழுத்து விட்டுப் போயிருந்தது, சேர்த்தேன். ஒரு காற்புள்ளியை இடம் மாற்றினேன். நடுவில், அன்னதானத்திற்காக 20,000 வெள்ளி ‘டொனேஷன்’ தருவதாக ஒரு வரி இருந்தது. அதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆகவே அதை நான் தொடவில்லை.

பணம் செலுத்தப்பட்டது. பற்றுச்சீட்டு வந்தது. அவ்வாண்டு நிர்வாகம் மாறியது. புதிதாக வந்தவர்கள் கோப்பைப் பார்த்தார்கள்: அன்னதான நன்கொடை, 20,000 வெள்ளி. திருவிழாவின் பத்து நாள் அன்னதானத்திற்கு அதைச் செலவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் உண்டார்கள். கணக்கு ஒரு காசு பிசகவில்லை. அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கடிதத்தில் இருந்ததைத்தான் அவர்கள் செய்தார்கள்.

மறு ஆண்டு திதி நாளில் பெரியவர் பேரப்பிள்ளைகளோடு ஆலயத்திற்கு வந்தார். அடுப்பு எரியவில்லை. விவரம் தெரிந்ததும் அவர் சத்தம் போடவில்லை. அன்று மருமகள் வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த தயிர்ச்சோற்றை நைவேத்தியம் செய்து, சந்நிதியில் நின்றவர்களுக்குத் தன் கையால் கொடுத்தார். பிறகு என் வீட்டிற்கு வந்தார். "தம்பி, பணம் போனால் போகட்டும், நல்ல காரியத்துக்குத்தான் போச்சு. நான் சொன்னது தப்பா, நீங்கள் எழுதினது தப்பா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ‘கட்டளை’ என்றார்; ‘முதல்’ என்றார்; ‘வட்டி’ என்றார். மூன்றும் பொன்னைப் போன்ற சொற்கள். மூன்றையும் ‘டொனேஷன்’ என்ற ஒற்றைச் சொல்லில் கரைத்தது மகனின் கடிதம். ஆங்கிலம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிய நான் அதைக் கண்டும் காணாமல் விட்டேன். ஒரு ‘எஸ்’ஸைக் கவனித்த கண்ணுக்கு 20,000 வெள்ளி தெரியவில்லை.

நான்கு கொடைகள், நான்கு சொற்கள்

கொடைக்குத் தமிழில் எத்தனை சொற்கள் என்று எண்ணிப் பாருங்கள். உண்டியலில் இடுவது காணிக்கை. அது இறைவனுக்கும் நமக்கும் இடையே உள்ளது, கணக்குக் கேட்பதில்லை. திருப்பணிக்கோ பொதுச் செலவுக்கோ கொடுப்பது நன்கொடை. நிர்வாகம் அதைச் செலவிடலாம். ஒரு நாள் பூஜையையோ ஒரு திருவிழாவையோ ஏற்று நடத்துவது உபயம். முதலை அப்படியே நிறுத்தி, அதன் வருவாயில் ஒரு தர்மம் ஆண்டாண்டாக நடக்கச் செய்வது கட்டளை. ‘அறக்கட்டளை’ என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

ஆங்கிலத்திலும் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. ‘ஆஃபரிங்’, ‘டொனேஷன்’, ‘ஸ்பான்சர்ஷிப்’, ‘எண்டோமெண்ட்’ என்று நான்கும் இருக்கின்றன. நாம் நான்கிற்கும் ‘டொனேஷன்’ என்றே எழுதிவிடுகிறோம்.

நம் முன்னோர் இதில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள்! சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்த செய்திகள் ஏராளம். ஒரு விளக்கு இரவும் பகலும் எரிய 96 ஆடுகள் கொடுப்பது பரவலான வழக்கம். அவற்றைப் பெற்ற இடையர், நாள்தோறும் குறித்த அளவு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு தரும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, மூப்படையாத ஆடு! ஆடு சாகாமல் இருக்குமா? கிழடானதையும் செத்ததையும் குட்டிகளைக் கொண்டு ஈடுசெய்து, எண்ணிக்கை குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது பொருள். நெய்யைச் செலவிடலாம்; மந்தையைச் செலவிடக் கூடாது. இன்று வழக்கறிஞர் ஒரு பக்கம் எழுதுவதை அவர்கள் மூன்று சொல்லில் கல்லில் வெட்டினார்கள். சந்திரரும் சூரியரும் உள்ளவரை என்று காலத்தையும் சேர்த்து எழுதினார்கள்.

அந்தப் பெரியவர் கேட்டதும் சாவா மூவாப் பேராடுதான். நாம் அதை விருந்தாக்கிவிட்டோம்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘டாக்ஸ் எக்ஸம்ப்ட்’ என்று பற்றுச்சீட்டிலும் புலனச் செய்தியிலும் எழுதுகிறார்கள். கொடுத்த தொகை அப்படியே வரியில் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்படி அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குத் தரும் பண நன்கொடை, உங்கள் வருமானத்திலிருந்துதான் கழிக்கப்படும். அதற்கும் உச்சவரம்பு உண்டு. உதாரணமாக, உங்கள் வருமானத்தின் மேல்பகுதிக்கு வெள்ளிக்குப் பத்துக் காசு வரி என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் வெள்ளி கொடுத்தால் வரியில் குறைவது நூறு வெள்ளிதான். ஆகவே ‘டாக்ஸ் டிடக்டிபள்’ என்பதே சரியான சொல். அங்கீகாரம் இல்லாத அமைப்பு இரண்டையும் எழுதக் கூடாது.

செய்ய வேண்டியவை

கொடை தருபவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். முதலில் உங்கள் எண்ணத்தைத் தமிழில் ஒரு தாளில் எழுதுங்கள்: இது நன்கொடையா, உபயமா, கட்டளையா? பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். கட்டளையானால் ‘எண்டோமெண்ட்’ என்று எழுதி, "‘கேப்பிட்டல்’ செலவிடப்படக் கூடாது, அதன் ‘இன்கம்’ மட்டும் இன்ன நாளில் இன்ன காரியத்திற்கு" என்று தனி வரியில் போடுங்கள். வருவாய் போதாமல் போனால் என்ன செய்வது என்பதையும் சேருங்கள். பெரிய தொகையானால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். தமிழ்த் தாளையும் அதோடு இணைத்துக் கொடுங்கள்.

நிர்வாகத்தினருக்கு ஒன்று. ‘டொனேஷன்’ என்று கடிதம் வந்தால் வாங்கிக் கோப்பில் வைத்துவிடாதீர்கள். "ஐயா, அம்மா, இது எந்த வகை?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கட்டளைக்கென்று தனிப் பதிவேடு வையுங்கள். நிர்வாகம் மாறலாம், பதிவேடு மாறக் கூடாது.

இளைஞர்களுக்கு ஒன்று. உங்கள் ஆங்கிலம் எங்கள் ஆங்கிலத்தைவிடச் சரளமானது. பெற்றோருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும்போது, அவர்கள் தமிழில் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஈடு இல்லையென்றால் அந்தத் தமிழ்ச் சொல்லையே எழுதி, அடுத்த வரியில் விளக்குங்கள். ‘காவடி’ என்றும் ‘தைப்பூசம்’ என்றும் நாம் மாற்றாமல் எழுதியதால்தான் இன்று உலகமே அச்சொற்களை அறிந்திருக்கிறது.

வள்ளுவர் சொல்வன்மைக்கென்று ஒரு தனி அதிகாரமே வகுத்தார். அனுமனைச் சொல்லின் செல்வன் என்று போற்றுகிறோம். நாம் அந்த அளவுக்குச் செல்வராக வேண்டாம். இருக்கும் செல்வத்தைத் தொலைக்காமல் இருந்தால் போதும்.

அந்தப் பெரியவர் என்ன ஆனார் என்று நீங்கள் கேட்கலாம். இருபதாயிரம் திரும்பி வரவில்லை, அவரும் கேட்கவில்லை. மகனும் நானும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு சிறு தொகையை முதலாக வைத்தோம். இம்முறை கடிதத்தை அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், பிறகுதான் ஆங்கிலம். அவர் மறைந்துவிட்டார். அவருடைய துணைவியார் திதி அன்று இன்றும் ஒரு சிறு பானை சோறு வேகிறது. நாற்பது பேர் உண்கிறார்கள். முதல் அப்படியே இருக்கிறது.

உங்கள் கொடையும் அவ்வாறே குறையாமல் நிலைக்க எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.